ஸ்னாப்ஷாட் எடுத்தியா?

ரெவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி உபுண்டுவை அப்கிரேட் பண்ணாதீங்க மக்களே. நான் பண்ணேன். விர்ச்சுவல்பாக்ஸ்ல இருந்த 20.04, 22.04 ஆச்சு. ரீபூட் ஆனதும் திரை தீப்பெட்டி சைஸ். ப்ராஜெக்ட் இருந்த ஷேர்டு ஃபோல்டர் காலி! நாலு மாச வேலை. ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி, "ஸ்னாப்ஷாட் எடுத்தியா?" எடுக்கலை.

அரை மணி நேரம் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைச்சது: அந்த ஃபோல்டர் நிஜமா இருப்பது வெளியே, விண்டோஸில். திறந்து பார்த்தால் எல்லாம் பத்திரம். போன உயிர் திரும்பி வந்தது.

உடைந்தது கெஸ்ட் அடிஷன்ஸ். திரை அளவு, ஷேர்டு ஃபோல்டர் ரெண்டையும் கவனிப்பது அதன் கெர்னல் மாட்யூல்கள்தான். அவை என் பழைய 5.4 கெர்னலுக்கு கம்பைல் ஆனவை. இப்போ வந்திருப்பதோ 5.15. திரும்ப கம்பைல் பண்ணினால் ஒரே எரர். என் விர்ச்சுவல்பாக்ஸே அவ்வளவு பழசு (சீனியர் கொடுத்துட்டுப் போனது, அப்டேட்டே பண்ணலை).

முதலில் விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்தேன். பிறகு உபுண்டுவுக்குள் ஜிசிசி, மேக், கெர்னல் ஹெடர்ஸ் போட்டு, அதே வெர்ஷன் அடிஷன்ஸை இன்ஸ்டால் பண்ணி ரீபூட். ஃபோல்டர் வந்துடுச்சு. மணி மூன்றரை.

காலையில் மேடம் கேட்டாங்க, "20.04-லேயே ஓடிட்டு இருந்துச்சே, எதுக்குப்பா மாத்தினே?"

அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை.