கரைக்குத் தெரியாத அலை

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரம். அக்டோபர் மாதத்தில் ஒரு பகல் இவ்வளவு கதகதப்பாக வாய்த்தால் இந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. கப்பல் கால்வாயின் சிமென்ட் சுவர் நெடுகிலும் ஆட்கள். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த இளம் தம்பதி, மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியும் கொண்டுவந்திருக்கும் ஒரு பெரியவர். எதிரே சுப்பீரியர் ஏரி. ஏரி என்றுதான் பெயர். மறுகரை கண்ணுக்குத் தெரியாது. கிழக்கு மேற்காகச் சுமார் 560 கிலோமீட்டர். அதன் மேற்கு நுனியில் இந்த ஊர் ஒரு மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தென்மேற்கிலிருந்து காற்று, வெதுவெதுவென்று. கொடிக்கம்பத்தில் துணி ஒரே சீராக அசைகிறது. கடற்காகங்கள் யாராவது உருளைக்கிழங்கு வறுவலை நழுவவிட மாட்டார்களா என்று சுவரோரம் நடந்துகொண்டிருக்கின்றன.

பெரியவரின் மடியில் கையடக்க வானொலி. தேசிய வானிலைச் சேவையின் அலைவரிசை. மனிதக் குரல் அல்ல, இயந்திரக் குரல். ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்பிக்கிறது. தென்மேற்குக் காற்று பிற்பகலில் வடமேற்காகத் திரும்பும். மாலைக்குள் 35 நாட் வரை எழும். சிறு படகுகளுக்கான எச்சரிக்கை, இருட்டியபின் கடுங்காற்று எச்சரிக்கையாக உயர்த்தப்படும். 34 நாட் என்றால் மணிக்கு 63 கிலோமீட்டர். அதை எட்டினால்தான் அந்த இரண்டாவது பெயர். டுலூத் கரையோரம் அலை இரண்டு அடிக்கும் கீழ். இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் தோழியிடம், "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்கிறான். பெரியவர் திரும்பிப் பார்க்கிறார், எதுவும் சொல்லவில்லை. வானொலியை அணைக்கவும் இல்லை. கரையோரப் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் குரல் நடு ஏரிக்கு வரும், பிறகு கிழக்கு ஏரிக்கு. அவர் அதற்காகக் காத்திருக்கிறார்.

இந்த அறிவிப்பு பிறந்ததே சுப்பீரியரும் சேர்ந்த பேரேரிகளில்தான். 1868, 1869 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பேரேரிகளின் புயல்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மில்வாக்கியில் இன்க்ரீஸ் லாஃபம் என்றொருவர், பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல் தானாகவே கற்றுக்கொண்டவர், அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். மேற்கே காற்று மாறியதைத் தந்தியில் சொன்னால் கிழக்கே கப்பலை நிறுத்தலாமே என்பது அவர் வாதம். 1870 பிப்ரவரியில் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பேரேரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை அவரே எழுதி அனுப்பினார். ஒரு நாடு தன் வானிலைத் துறையைத் தொடங்கியது மாலுமிகளின் உயிருக்காக என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

துறைமுகத்துக்குள்ளிருந்து சங்கொலி. மூன்று நீளம், இரண்டு குறுக்கம். பாலத்திலிருந்து அதே மூன்றும் இரண்டும் பதிலாக வருகிறது. 1905இல் கட்டி, 1930இல் தூக்குப்பாலமாக மாற்றிய இரும்புப் பாலம். அதன் நடுத்தளம் அப்படியே கிடைமட்டமாக மேலே ஏறுகிறது. இரு பக்கமும் கார்கள் நிற்கின்றன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கப்பல் வருகிறது. முந்நூறு மீட்டர் நீளம். வயிற்றில் அறுபதாயிரம் டன்னுக்கு மேல் இரும்புத்தாது உருண்டைகள். கால்வாயின் அகலம் 91 மீட்டர், கப்பலின் அகலம் 32. நடந்துபோகிறவனின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு தெருவே நகர்ந்து போவதுபோல் போகிறது. துருப்பிடித்த பக்கச்சுவரில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய ஆழக்கணக்கு எண்கள் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன. இந்தச் சுமைக்கு நீர் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதென்று அங்கே படிக்கலாம். மேல்தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மிஞ்சியிருக்கும் இரும்பு, பார்க்கிறவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. மேல்தளத்தில் ஒருவர் குனிந்து தாது அறைகளின் மூடிகளைக் கவ்வும் பிடிகளைச் சோதித்துக்கொண்டே போகிறார். ஒன்றை மிதித்துப் பார்க்கிறார். அடுத்ததற்குப் போகிறார். பிள்ளைகள் கையசைக்கிறார்கள், அவர் நிமிரவில்லை.

கும்பலிலிருந்து தள்ளி, விளக்குக் கம்பத்தருகே ஒரு பெண். உணவகச் சீருடையின் மேல் குளிர்ச்சட்டை போட்டிருக்கிறாள், இந்த வெயிலிலும். படம் எடுக்கவில்லை. கப்பலின் பின்பகுதி அவளைக் கடக்கும்போது சமையல்கட்டுப் பக்கத்துக் கதவில் வெள்ளை மேலங்கி போட்ட ஒருவன் வந்து நின்று கையைத் தூக்குகிறான். அவளும் தூக்குகிறாள். பாலம் இறங்குகிறது. கார்கள் ஓடுகின்றன.

இந்தக் கால்வாய் வாசலிலேயே ஒரு கப்பல் உடைந்திருக்கிறது. 1905 நவம்பர் 28. மட்டாஃபா என்ற தாதுக் கப்பல் பனிப்புயலுக்குத் தப்பி உள்ளே நுழையப் பார்த்து, தடுப்புச் சுவரில் மோதி, திரும்பி, கரைக்கு முன்னாலேயே இரண்டாக முறிந்தது. ஊரே கரையில் கூடி இரவு முழுக்க நெருப்பு மூட்டி நின்றது. படகு இறக்க முடியவில்லை. பின்பகுதியில் இருந்த ஒன்பது பேர் விடிவதற்குள் குளிரில் விறைத்து இறந்தார்கள். அன்று வீசியது வடகிழக்குக் காற்று. ஏரியின் முழு நீளத்தையும் ஓடிவந்து இந்த நுனியில் இறங்கும் காற்று அது.

இன்றைக்கு வரப்போவது வேறு காற்று. கனடாச் சமவெளியில் குளிர்ந்து கனத்த காற்று தென்கிழக்காக நகர்ந்துவருகிறது. கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து, வெப்பக்காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளிவிடுகிறது. வசந்தத்தில் இதே காற்று சில்லிட்ட தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இலையுதிர்காலத்தில் ஏரி இன்னும் கோடையின் சூட்டை வைத்திருக்கிறது. மேலே குளிர், கீழே சூடு. அடிக்காற்று சூடேறி எழ, உயரத்தில் விரையும் காற்று இறங்கி நீரை அறைகிறது. நவம்பரைக் கண்டு ஏரி மாலுமிகள் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குளிர்காற்று மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் கரையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. முதலில் மலை உச்சிக்கு மேல் கருநீலமாக ஒரு விளிம்பு. பிறகு காற்று நின்றுவிடுகிறது. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. தள்ளுவண்டிக் குழந்தை ஏனோ அழத் தொடங்குகிறது. ஒரு நிமிடம் இருக்குமா? கொடி மறுபக்கமாக விறைத்துப் பறக்கிறது. சரிவிலிருந்த பூர்ச்ச மரங்களின் மஞ்சள் இலைகள் தெருக்களைத் தாண்டிவந்து கால்வாயில் கொட்டுகின்றன. நான்கைந்து பெருந்துளிகள், அதோடு மழையும் சரி. குளிர், சட்டைக்குள் நேரே இறங்குகிறது. இடுப்பில் கட்டிய ஸ்வெட்டர்களெல்லாம் அவிழ்கின்றன. பருந்து வரைந்த தொப்பி போட்ட ஒரு பெண்மணி மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக மலையைப் பார்க்கிறார். மலைமேல் பருந்துகளை எண்ணும் ஹாக் ரிட்ஜ் இருக்கிறது. வலசை வரும் பருந்துகள் இந்தப் பெரிய நீரைக் கடக்க அஞ்சிக் கரையோடு தென்மேற்காகத் திரும்பும். வடமேற்குக் காற்று அவற்றைக் கரைப்பக்கமே ஒதுக்கிக்கொண்டு வரும். 2003 செப்டம்பரில் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள். "நாளைக் காலை," என்கிறார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

ஏரியைப் பார்க்கிறேன். கரையோரத் தண்ணீர் முன்னைவிட அமைதியாகிவிட்டது. வானொலி சொன்னபடியேதான். காற்று கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசுகிறது. அலையை வளர்க்க அதற்கு இங்கே இடமில்லை. கருநிறத் திட்டுகள் நீரின்மேல் கரையைவிட்டு ஓடுகின்றன. ஓட ஓடத்தான் அவை அலையாகும். தொடுவானம் மட்டும் நேர்கோடாக இல்லை, ரம்பத்தின் பல்லாகத் தெரிகிறது. கையில் காப்பியோடு இங்கே நிற்பவருக்கு ஏரி சாந்தம். இதே காற்று தென்கிழக்கு மூலையில், வைட்ஃபிஷ் முனைக்கு வெளியே, மலையாக எழும்.

1975 நவம்பர் 9ஆம் தேதி, இந்தத் துறைமுகத்தின் எதிர்ப்பக்கமான சுப்பீரியர் நகரிலிருந்து எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் 26,000 டன் தாதுவோடு புறப்பட்டது. வடகிழக்குக் காற்றுக்கு ஒதுங்கி வடகரையோரமாகவே போனது. மறுநாள் காற்று வடமேற்காகத் திரும்பியது. அரண் போய்விட்டது. நெடுந்தூரம் ஓடிவந்த அலைகள் கப்பலைப் பின்னாலிருந்து பிடித்தன. வைட்ஃபிஷ் விரிகுடாவின் புகலிடம் இன்னும் 17 மைல் என்றிருக்கையில் 29 பேரோடு மூழ்கியது. ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று, இங்கிருந்து வடகிழக்கே ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தில் அவர்களுக்காக விளக்கேற்றுகிறார்கள்.

சுவர் காலியாகிவிட்டது. பெரியவர் மட்டும் நாற்காலியைக் காற்றுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியை இறக்காமல் இருக்கிறார். கப்பல் நடு ஏரிக்கு விலகவில்லை. இடது பக்கம் மலையின் மறைவிலேயே, வடகரையை ஒட்டிப் போகிறது. அவர் தலையாட்டுகிறார். கப்பல்தலைவர் செய்தது அவருக்குச் சரியாகப் பட்டிருக்கிறது.

வானொலி ஒரு வழியாகக் கிழக்கு ஏரிக்கு வருகிறது. உணவகச் சீருடைப் பெண் காரின் கதவைத் திறந்தவள், மூடாமல் அப்படியே நிற்கிறாள். காற்றில் குரல் அவள் வரைக்கும் எட்டாது. கிட்டே வந்து கேட்கிறாள்.

"அந்தப் பக்கம் எவ்வளவு சொல்கிறார்கள்?"

"பத்திலிருந்து பதினான்கு அடி. நாளை சாயந்தரத்துக்கு மேல் தணியுமாம்."

"நாளைச் சாயந்தரம் ஏரி முடிகிற இடத்துக்கு, சூ மதகுக்குப் போய்விடுவோம் என்றான்."

"நேரே போனால். கரையோரமாகச் சுற்றிப் போகிறார்கள், பாருங்கள். இரவாகிவிடும்."

அவள் தொலைநோக்கியை வாங்கிப் பார்க்கிறாள். திருப்பிக் கொடுக்கிறாள்.

"ஆகட்டும். நன்றாக ஆகட்டும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.