ஃபிளின்ட்: குழாயடிக் குறிப்புகள்

2014 ஏப்ரல் 25

மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சிறு கூட்டம். மேயர் டேய்ன் வாலிங் பொத்தானை அழுத்துகிறார். 1967 முதல் டெட்ராய்ட் வழியாக வந்த ஹூரான் ஏரித் தண்ணீர் நிற்கிறது. இனி ஊருக்குள் ஓடும் ஃபிளின்ட் ஆறுதான். அதிகாரிகள் கோப்பையை உயர்த்தி, குடித்தும் காட்டுகிறார்கள்.

அழுத்திய விரல் மேயருடையது; அதிகாரம் வேறொருவருடையது. கஜானா வற்றிய இந்த ஊரை 2011 டிசம்பர் முதல் நடத்துவது ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளர்கள். செலவைக் குறைப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை.

2014 அக்டோபர்

கோடையில் கிருமி கண்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குழாயில் பழுப்பு நிறம், குளித்தால் உடம்பில் தடிப்பு என்று புலம்பல்கள். காது கொடுப்பார் இல்லை.

இப்போது ஜெனரல் மோட்டார்ஸ் பேசுகிறது: இந்தத் தண்ணீரால் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன. உடனே அந்தத் தொழிற்சாலைக்கு மட்டும் பக்கத்து நகரியத்திலிருந்து ஏரித் தண்ணீர் கிடைக்கிறது. நிறுவனம் 1908-இல் பிறந்தது இதே ஊரில்தான். 1936-37 குளிரில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே 44 நாள் உட்கார்ந்து சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கியதும் இங்கேதான். 1960-இல் ஏறக்குறைய 1,97,000 பேர் வாழ்ந்தார்கள். ஆலைகள் மூடமூட, ஊர் பாதிக்குமேல் காலியானது.

எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர் கைக்குழந்தையின் பால்பொடிக்கு ஆகுமாம்!

2015 பிப்ரவரி

லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டுக் குழாயைச் சோதிக்கிறார்கள். நூறு கோடியில் 15 பங்கு ஈயம் இருந்தாலே நடவடிக்கை வேண்டும். அங்கே 104. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய பாஸ்பேட்டை ஆற்றுத் தண்ணீரில் யாரும் சேர்க்கவில்லை; பழைய ஈயக் குழாய்கள் கரைந்து தண்ணீரில் இறங்குகின்றன. கோடையில் வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழுவோடு சேர்ந்து, ஊர்க்காரர்களே வீடுவீடாக மாதிரி பிடித்துத் தருகிறார்கள். ஆய்வகத்துக்கு வழி காட்டியது குழாயடிதான்.

2015 செப்டம்பர் 24

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா செய்தியாளர்கள் முன் நிற்கிறார். ஐந்து வயதுக்குட்பட்டோரின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை, தண்ணீர் மாறியதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டிருக்கிறார். ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு. மாநில அதிகாரிகள் முதலில் மறுக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒப்புக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 16: மீண்டும் டெட்ராய்ட் தண்ணீர். அதற்குள் தண்ணீர்க் கிருமியால் வரும் லெஜியனேர் நிமோனியாவில் குறைந்தது 12 பேர் இறந்திருந்தார்கள்.

2016

குழாய்களை மாற்ற வேண்டும்; ஆனால் எந்த வீட்டுக்கு ஈயக் குழாய்? நகராட்சியிடம் இருந்தவை ஏறக்குறைய 45,000 பழைய குறிப்பு அட்டைகள். அவற்றையும் முழுக்க நம்ப முடியாது. பல இடங்களில் மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

2024 ஜனவரி

மோனா முன்னின்ற ஆர்எக்ஸ் கிட்ஸ் திட்டம் தொடங்குகிறது. கர்ப்பிணிக்கு 1,500 டாலர். பிறந்த குழந்தைக்கு ஓராண்டு மாதம் 500. வருமானச் சான்று கேட்பதில்லை.

2025 ஜூலை

கிட்டத்தட்ட 11,000 ஈயக் குழாய்களை மாற்றி முடித்ததாக நீதிமன்றத்தில் அறிக்கை. வழக்கில் எட்டிய 2017 உடன்பாட்டின்படி 2020-லேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. ஈய அளவு 2016 முதலே வரம்புக்குள் என்கிறது அரசு. கடையில் தண்ணீர்ப் பாட்டில் கட்டுகளை வாங்கிக் கார் டிக்கியில் ஏற்றும் பழக்கத்தைப் பலர் இன்னும் விடவில்லை.