அப்பாவின் மீன்தொட்டி

“தண்ணீரை நாம் பார்த்துக்கொண்டால், மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்” என்பார் என் அப்பா. அவர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். சிங்கப்பூரிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் அலங்கார மீன்கள் அவர் கண்முன்தான் விமானம் ஏறின. பயணத்திற்கு முன் மீன்களை ஓரிரு நாள் பட்டினி போடுவார்கள். வயிறு நிறைந்த மீன் கழிவை வெளியேற்றினால் பைக்குள் இருக்கும் கொஞ்ச நீரும் நஞ்சாகிவிடும். பையில் ஒரு பங்கு நீர் ஊற்றி, மீதி இடத்தில் உயிர்வளியை நிரப்புவார்கள். வெப்பம் கூடாமலும் குறையாமலும் இருக்க, பைகளை ஸ்டைரோஃபோம் பெட்டிகளில் அடுக்குவார்கள். இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்தே அப்பாவுக்கு மீன்மீது ஆசை வந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு, சாங்கி வில்லேஜில் உள்ள தம் அடுக்குமாடி வீட்டில் 40 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்துக் கப்பி மீன்களை வளர்த்தார். தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும் கப்பியின் தாயகம். கொசுப்புழுக்களைத் தின்னும் என்பதால் பல நாடுகளுக்கு அது கொண்டு செல்லப்பட்டது. நம் ஊர்க் கால்வாய்களிலும் கப்பிகள் கூட்டமாகத் திரிவதைக் காணலாம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமானது. தனியாக இருக்க வேண்டாம், தெம்பினிஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று பலமுறை வற்புறுத்தினேன். ஒருவழியாக ஒப்புக்கொண்டார். லாரிக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. நாள் நெருங்கியபோது தொலைபேசியில் அழைத்தார்.

“இன்னும் பத்து நாள் பொறும்மா. பெண் கப்பி ஒன்று சினையாக இருக்கிறது. குட்டி போடட்டும், பிறகு வருகிறேன்.”

வர மனமில்லாமல் மீனைச் சாக்காகச் சொல்கிறாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. காலையில் ஸ்ரீ ராமர் கோயில், பிறகு உணவங்காடியில் ஒரு கோப்பி, மாலையில் புலாவ் உபின் படகுத்துறைவரை நடை என்று பழகிவிட்டவர் அவர். இந்தப் பத்து நாள் கழிந்ததும் இன்னொரு காரணம் வருமோ? ஆனாலும் லாரியின் தேதியை மாற்றினேன். அன்று முதல், பள்ளி முடிந்ததும் என் மகன் தாத்தா வீட்டுக்குச் சென்று அவருக்கு உதவினான்.

கப்பி மீன் முட்டையிடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளிவருகின்றன. நாள் நெருங்க நெருங்க, வயிற்றின் பின்பகுதியில் தெரியும் கரும்புள்ளி பெரிதாகும். வயிறு பெட்டிபோல் அகலமாகும். அந்த நேரத்தில் திடீர் மாற்றம் நேர்ந்தால் தாய் அதிர்ச்சியடைந்து, குஞ்சுகள் முழுதாக வளரும் முன்னரே அவற்றை ஈன்றுவிடக்கூடும். தாயும் இறக்கக்கூடும்.

“குஞ்சு பிறக்கப்போகிறதே, தொட்டியைச் சுத்தமாகக் கழுவி எல்லாத் தண்ணீரையும் மாற்றிவிடலாமா, தாத்தா?” என்று மகன் கேட்டான். அப்பா அவனைத் தொட்டியருகே உட்காரவைத்து விளக்கினார். மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா நீரில் கலக்கிறது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இவை பெரும்பாலும் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். நாம் குடிப்பதற்காகத் தூய்மைப்படுத்தப்பட்ட குழாய் நீரில் குளோரமின் சேர்க்கப்பட்டிருக்கிறது. நமக்கு நன்மை செய்யும் அந்த நீர், அப்படியே ஊற்றினால் மீனுக்குத் தீங்காகும். குளோரமின் எளிதில் ஆவியாகாது என்பதால், ஒரு நாள் திறந்துவைத்தால் மட்டும் போதாது. அதை நீக்கும் மருந்தைக் கலக்க வேண்டும்.

ஆகவே அப்பா வாரத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 8 லிட்டர் நீரை மட்டுமே மாற்றினார். புதிய நீரை முதல் நாளே வாளியில் பிடித்து, மருந்து கலந்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைப்பார். மறுநாள் இரண்டின் வெப்பமும் ஒன்றாக இருக்கிறதா என்று வெப்பமானியால் பார்த்துவிட்டு, ஒரு குவளையால் மெதுவாக ஊற்றுவார். மகன் தினமும் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்துவைத்தான். 27 பாகை, 28 பாகை, மீண்டும் 27 பாகை. “ஒன்றுமே நடக்கவில்லையே, தாத்தா!” என்றான் சலிப்புடன். “அதற்குத்தானடா இவ்வளவு வேலையும்!” என்று சிரித்தார் அப்பா.

தாய் மீனைக் குறுகலான பெட்டியில் தனியாக அடைக்கவும் அவர் விரும்பவில்லை. தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால், அவை ஒளிந்துகொள்ள ஒரு கொத்து ஜாவாப் பாசியை மட்டும் தொட்டியில் போட்டுவைத்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் பாசிக்குள் கடுகளவு கண்கள் மின்னின. மகன் எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பது குஞ்சுகள் இருந்தன. தாய் மீன் வயிறு ஒட்டி, பழையபடி நீந்திக்கொண்டிருந்தது.

சொன்னபடி அப்பா புறப்பட்டார். மீன்கள் பைகளில் வந்தன. பழைய நீரில் பாதி வாளிகளில் வந்தது. பஞ்சும் கற்களும் காய்ந்துவிடாதபடி அதே நீரில் மூழ்கியே வந்தன. எங்கள் வீட்டில் வெயில் படாத, குளிரூட்டியின் காற்றும் படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துத் தொட்டியை வைத்தார். பைகளைச் சற்று நேரம் மிதக்கவிட்ட பிறகே மீன்களை வெளியே விட்டார். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அப்பாதான் முதல் சில நாள்கள் பேச்சில்லாமல் இருந்தார். புதிய மெத்தை, புதிய நாற்காலி, புதிய உணவு நேரம் என்று எல்லாவற்றையும் அவருக்காகவே மாற்றி வைத்திருந்தோம். தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவருடைய பழைய சாய்வு நாற்காலியைக் கூடத்திற்குக் கொண்டுவந்தேன். அவருக்குப் பழகிய நேரத்திலேயே இரவு உணவை வைத்தோம். காலையில் 29ஆம் எண் பேருந்தில் மகன் அவரைச் சாங்கி வில்லேஜுக்கு அழைத்துச் சென்றான். கோயிலுக்குப் போய், கோப்பி குடித்துவிட்டு மதியத்திற்குள் திரும்பினார்கள்.

முதலில் வாரத்திற்கு ஐந்து நாள் போனார். பிறகு மூன்று நாள் ஆனது. இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் போகிறார். மற்ற நாள்களில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் புதிய நண்பர்களோடு சதுரங்கம் ஆடுகிறார். அவர்களில் இருவர் இப்போது கப்பி வளர்க்கிறார்கள். இருவருக்கும் குஞ்சுகளோடு கொஞ்சம் பழைய பஞ்சையும் வெட்டிக் கொடுத்தவர் அப்பாதான்.