சோற்றோடு சேர வேண்டிய மாத்திரை

"பாஸ்பரஸ் 7.8."

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. "மறுபடியும் டீக்கடைக்குப் போனீங்களா?" என்றார்.

கணவருக்கு 58 வயது. பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆறு வருடங்களாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். "சத்தியமா போகலைம்மா" என்றார். மனைவி நம்பவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை.

மனைவியின் கோபத்தில் நியாயம் இருந்தது. பால் காபி போய் கடுங்காபி வந்து வருடங்கள் ஆகின்றன. தயிர், நிலக்கடலை, கோலா எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பேரன் சாக்லேட் தின்றால்கூட தாத்தா கண்ணில் படாமல்தான். இதற்கு மேல் எதை நிறுத்துவது?

நல்ல சிறுநீரகம், உடம்புக்கு வேண்டாத பாஸ்பரஸை ராத்திரி பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மெஷினால் அந்த அளவுக்கு முடியாது. ஒரு டயாலிசிஸில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் வெளியேறும். மூன்று முறைக்கு 2,400. ஆனால், தினமும் 1,000 மில்லிகிராம் சாப்பிட்டு, அதில் 60 சதவிகிதம் உடம்பில் சேர்ந்தாலே வாரத்துக்கு 4,200 ஆகிவிடும். மீதி ரத்தத்தில் தங்கும்.

தங்கினால் உடனே வலிக்காது. அதுதான் ஆபத்து. தோல் அரிக்கலாம். எலும்பிலிருந்து கால்சியம் கரையும். ரத்தக்குழாய்ச் சுவர்களில் கால்சியம் படிந்து, இதயத்துக்குச் சுமை கூடும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 5.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் டயட்டீஷியன் வந்தார். சாப்பாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"பாஸ்பரஸ் மாத்திரையை எப்போ சாப்பிடுறீங்க?"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "மூணு வேளையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன் மேடம். சாப்பிட்டு முடிச்சு, பாத்திரமெல்லாம் கழுவி வெச்சுட்டு, எல்லா மாத்திரையையும் ஒண்ணாக் கொடுத்துடுவேன். ஒருநாள்கூட மறந்ததில்லை."

டயட்டீஷியன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக விளக்கினார். இந்த மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. குடலில், சோற்றில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். அதனால், சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், பிடிப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இருக்காது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் சிரித்தார். "விடும்மா. டிக்கெட் கொடுக்கிறதுக்குள்ள பஸ்ஸை விட்டு இறங்கிட்டாங்க, அவ்வளவுதான்."

டயட்டீஷியன் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். பருப்பை அடியோடு நிறுத்த வேண்டாம்; உடம்புக்குப் புரதம் தேவை. பருப்பில் இருக்கும் பாஸ்பரஸ் முழுவதும் உடம்பில் சேராது. பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் பாஸ்பேட்தான் பெரும்பாலும் அப்படியே ரத்தத்துக்குப் போகும். காய்கறியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடலாம். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் டாக்டர் சொல்லித்தான்.

அடுத்த மாதம் 6.1. இன்னும் இறங்க வேண்டும். ஆனால், ரிப்போர்ட்டைப் பார்த்து மனைவி டீக்கடையைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் தட்டில் சோறு விழும்போதே, பக்கத்தில் மாத்திரையும் வந்துவிடுகிறது. முதல் கவளம் வாய்க்குப் போகும்வரை மனைவி அங்கேயே நிற்கிறார். பாத்திரங்கள் காத்திருக்கின்றன.