மகளுக்கு ஒரு பழைய கார்

கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் நகைப் பேச்சு நடக்கும். எங்கள் வீட்டில் மூன்று மாதம் பழைய கார் பேச்சுதான் நடந்தது. அதுவும் சாதாரணக் கார் இல்லை. தினமும் ஆபீசுக்குப் போய் வரவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டவும் வேண்டும். கையில் இருந்தது மூன்றரை லட்சம். பெரியவள் தன் சம்பளத்தில் சேர்த்த பணம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று நாத்தனார் கேட்டாள். நான் சிறுமியாக இருந்தபோது, சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். அப்பா அண்ணனை மட்டும் கூட்டிப் போவார். எனக்கு வீட்டில் அப்பளம் காயவைக்கிற வேலை. அதனால் நாத்தனாருக்கு நான் பதில் சொல்லவில்லை. மேலும், வேகமாக ஓட்டுகிற ஆசையைத் தெருவில் காட்டாமல், ஆம்புலன்ஸும் கொடிக்காரர்களும் நிற்கிற இடத்தில் தீர்த்துக்கொள்கிறேன் என்கிறாளே, அது எனக்குச் சரியாகவே பட்டது.

பயம் மட்டும் இருந்தது. அதனால் கார் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற கண் காருக்கும் உதவும் சகோதரிகளே!

முதலில் ஒரு தரகர் பெரிய எஞ்சின் வைத்த வண்டி ஒன்றைக் காட்டினார். "இந்த விலைக்கு இவ்வளவு பவர் எங்கேயும் கிடைக்காது மேடம்" என்றார். மகளின் முகம் மலர்ந்துவிட்டது. நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தேன். கடைசி ஒரு சாணில் சேற்றுக் கறை. ஸ்டெப்னி வைக்கிற குழியில் கைவிட்டால் வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. வெளியே கழுவிப் பளபளப்பாக்கி விடலாம். உள்ளே ஒயர்களின் இணைப்புகளில் புகுந்த ஈரம் மெள்ள அரித்துக்கொண்டே இருக்கும். வந்த வழியே திரும்பினோம்.

அப்புறம்தான் எங்கள் தெரு மெக்கானிக் பாயை யோசனை கேட்டோம். "எஞ்சினை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல பிரேக்கு, டயரு, பாடி" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது பிரேக் எண்ணெய் விஷயம். தெருவில் ஒரு தடவை பிரேக் போட்டால் அது ஆற நேரம் கிடைக்கும். தடத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் அழுத்திக்கொண்டே இருப்பதால் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குமிழி; குமிழி வந்தால் பெடல் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

கடைசியில் அமைந்தது 2013-ம் வருஷத்து மாருதி ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல். ஒரு டன்னுக்குள் எடை. எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் பாடு குறைவு. உதிரிச் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆரம்ப வருஷங்களில் வந்த 1.3 எஞ்சினில் டைமிங் பெல்ட், இதில் சங்கிலி. அந்த வருஷத்து வண்டிகளில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேகும் எல்லா மாடலிலும் கிடையாது. அவை இருக்கிற வண்டியாகத் தேடியதில் இரண்டு வாரம் கூடுதலாகப் போயிற்று, போகட்டும். பாய் கதவு ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, பானெட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்று பார்த்தார். அடிபட்ட வண்டி இல்லை என்று தெரிந்த பிறகே விலை பேசினோம்.

இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடிந்தது. மிச்சம் தொண்ணூறாயிரத்தை அவள் தொடக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நாலு டயர், பிரேக் பேட், புது எண்ணெய், நல்ல ஹெல்மெட் எல்லாம் அதில்தான்.

உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைக்கவேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். அதற்கு மட்டும் நானும் பாயும் சேர்ந்து மறுத்தோம். தடத்தில் ஹெல்மெட் இருக்கும். ஆபீஸ் போகும்போது வெறும் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயா?

ஆர்.சி. புத்தகம், 29, 30-ம் நம்பர் படிவங்கள், பழைய கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம் எல்லாம் சரிபார்த்தோம். சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். 2028-ல் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கவேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியை நான் வரி விடாமல் படித்தேன். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. தடத்தில் அடிபட்டால் செலவு நம் தலையில்தான். அதற்காக மாதம் இரண்டாயிரம் தபால் ஆபீசில் போட்டு வருகிறாள்.

போன மாதம் தடத்திலிருந்து வந்ததும் பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். முன்பக்கப் பேட் காகிதமாகத் தேய்ந்திருந்தது. புதுசு செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். திங்கட்கிழமை அவள் ஆபீசுக்கு பஸ்ஸில் போனாள். சாவி என் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது.