வலமும் இடமும்

சங்கரன்கோவில் கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர். ஆடித் திங்களில் அங்கு நடைபெறும் தபசுத் திருவிழா தென்பாண்டிச் சீமையெங்கும் பெயர் பெற்றது. பேருந்துகள் பெருகாத காலத்தில் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் அவ்விழாவிற்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவர். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்திருப்பர். பானையும் அரிசியும் புளியும் உடன் வரும். மரநிழலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டி உலை வைத்து, இரவில் வண்டிக்குள்ளேயே கண்ணயர்வர். அவ்வண்டியை நகரும் வீடு என்று சொன்னால் மிகையாகாது.

இன்று அந்த நகரும் வீடு இயந்திரத்தின்மேல் ஏறி உலகெங்கும் ஓடுகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகிய யாவும் ஒரே வண்டியில் அமைந்த அதனை மோட்டார் ஹோம் என்பர். அத்தகைய வண்டியை அயல்நாட்டுச் சாலையில் ஓட்டுவதற்குச் சங்கரன்கோவிலைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம்மை ஆயத்தம் செய்துகொண்ட வரலாறே இப்பாடம்.

அவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்; அகவை 62. சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 55 கிலோமீட்டர்ச் சாலையில் அவர் அறியாத வளைவு இல்லை. அவரை அறியாத கடைக்காரரும் இல்லை. பணிக்காலம் முழுவதிலும் அவர் வண்டியால் ஓர் உயிருக்கும் ஊறு நேர்ந்ததில்லை. இப்பெருமையை அவர் வாயால் கூறுவதில்லை. ஆயினும் உள்ளத்தில் அதனைப் பொன்போல் போற்றி வந்தார்.

அவ்வளவு காலமும் அவர் மனத்தில் ஒரு குறையும் இருந்தது. தபசு நாளில் ஊரே கோயிலில் திரண்டிருக்க, அவர் சிறப்புப் பேருந்தில் பிறரை ஏற்றி வருவார். அவர்தம் மனைவியார் ஆண்டுதோறும் தனியாகவே ஆடிச்சுற்றுச் சுற்றினார். கணவர் ஓட்டிய பேருந்தில் அவ்வம்மையார் சிலமுறை பயணம் செய்ததுண்டு. ஆனால் அப்போதும் பின்னே பெண்கள் இருக்கையில்தான் அமர்ந்திருந்தார். ஆயிரமாயிரம் பேரை ஊர் சேர்த்தவர், தம் மனைவியை அருகில் அமர்த்தி ஒரு நெடும்பயணம் போனதில்லை.

பிரான்சு நாட்டில் லியோன் நகரில் பணிபுரியும் மகள் பெற்றோரை அழைத்தபோது, அக்குறையைத் தீர்க்கும் காலம் வந்ததென்று அவர் எண்ணினார். “அங்கே வீட்டுவண்டி வாடகைக்குக் கிடைக்குமாமே! நானே ஓட்டுகிறேன். உன் அம்மா என் பக்கத்தில் உட்காரட்டும்” என்று தொலைபேசியில் சொன்னார்.

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா, உங்களுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். ஆனால் இங்கே ஓட்டத் தெரியாது” என்றாள்.

அச்சொல் அவரைச் சுட்டது. இரண்டு நாள் அவர் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகள் மீண்டும் அழைத்தாள். “நம் ஊரில் நானும் கார் ஓட்டியவள்தானே அப்பா? இங்கே முதல் தேர்வில் நான் தேறவில்லை. அதனால்தான் சொன்னேன்” என்றாள். தந்தையின் சினம் அடங்கியது. “அப்படியானால் எனக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடு” என்றார். அன்று தொடங்கியது அவருடைய இரண்டாம் கல்வி.

முதலில் ஆவணங்களை நாடினார். அயல்நாட்டில் வண்டி ஓட்ட விரும்புவோர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டைத் தம் நாட்டிலேயே பெற்றுச் செல்லுதல் வேண்டும். 1949ஆம் ஆண்டு செனீவாவில் நாடுகள் பல கூடிச் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிய படிவத்துடன் ஓட்டுநர் உரிமத்தையும் கடவுச்சீட்டையும் காட்டி, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி அதனைப் பெறலாம். ஓராண்டுக்கு மேல் அது செல்லாது. மூல உரிமமின்றித் தனித்தும் அது செல்லாது. விசாவிற்காக, 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுக்கப்பட்டது.

அடுத்தது எடை. நம் நாட்டில் 7,500 கிலோ வரையுள்ள வண்டி இலகு வண்டி எனப்படும். பிரான்சிலோ சாதாரணக் கார் உரிமத்திற்கு 3,500 கிலோவே எல்லை. வண்டியோடு அதில் ஏறும் மக்கள், தண்ணீர், துணிமணி, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ கூடிவிடும். “பேருந்தில் கூட்டம் ஏறினால், ‘இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள்’ என்போம். அங்கே அது நடவாது” என்று சொல்லி அவர் நகைத்தார். அம்மையார் எடுத்து வைத்த இட்டிலிக் கொப்பரையும் சிறு அம்மியும் தராசு ஏறின. கொப்பரை தேறியது, அம்மி வீட்டிலேயே தங்கியது. பாற்பொருள்களையும் இறைச்சியையும் வெளிநாட்டார் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுவரத் தடை உண்டென்று மகள் கூறியதால், உருக்கி வைத்த நெய்யும் பயணத்திலிருந்து விலக்கப்பட்டது.

உயரத்தையும் அவர் மறக்கவில்லை. வண்டி ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் இருக்கும். கார் நிறுத்தும் இடங்கள் பலவற்றில் அதனினும் தாழ்ந்த தடுப்புக் கம்பிகள் உண்டு. எனவே வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்ட வேண்டும் எனக் குறித்துக்கொண்டார். சமையல் எரிவாயுவை மூடிய பின்னரே வண்டியை எடுத்தல், ஓடும் வண்டியில் ஒருவரும் படுக்கையில் படுத்திராமல் இருக்கையில் வார் பூட்டி அமர்தல், கழிவு நீரை அதற்கென அமைந்த இடத்திலன்றி வேறெங்கும் வடிக்காதிருத்தல் ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார்.

இவையெல்லாம் அறிவால் கற்கத்தக்கவை. கற்க அரியது வேறொன்று இருந்தது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வன. பிரான்சில் வலப்புறம் செல்வன. நம் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்து இடக்கையால் கியர் மாற்றுவார். அங்கோ இடப்பக்கம் அமர்ந்து வலக்கையால் மாற்ற வேண்டும். குறியில்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். மனம் இதனை ஒரு நாழிகையில் ஏற்றது. கை ஏற்கவில்லை. திண்ணையில் நாற்காலி இட்டுத் தாம்பாளத்தைப் பிடித்து அவர் பழகும்போதெல்லாம், இடக்கை தானாகவே கியர்த்தண்டைத் தேடியது.

ஒருநாள் காலையில் அம்மையாரிடம் கோலப்பொடி வாங்கி, முற்றத்தில் ஒரு வட்டமும் அதில் சேரும் நான்கு சாலைகளும் வரைந்தார். புளியங்கொட்டைகள் வண்டிகளாயின. ஒன்றை எடுத்து வட்டத்தைச் சுற்றி நகர்த்தியவர் திடுக்கிட்டு நின்றார். தம்மை அறியாமலே அதனை நம் ஊர் முறைப்படி சுற்றியிருந்தார்.

அருகில் நின்ற அம்மையார் கோலத்தை உற்று நோக்கினார். “நம் ஊரில் இடப்புறம் போகிறவர்கள் சாமியை வலம் வருவதுபோல வட்டத்தைச் சுற்றுகிறார்கள். அங்கே வலப்புறம் போகிறவர்கள் இடமாகச் சுற்ற வேண்டும், அப்படித்தானே?” என்று கேட்டார். அவ்வளவு எளிதாக அதனை அவருக்கு எவரும் விளக்கியதில்லை. ஆண்டுதோறும் ஆடிச்சுற்றுச் சுற்றிய கால்களுக்குத் தெரிந்தது, சக்கரம் பிடித்த கைகளுக்குத் தெரியவில்லை. “சங்கரநாராயணருக்கு வலப்பாதி சிவம், இடப்பாதி திருமால், நம் சாமிக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் கைக்குத்தான் அப்படியில்லை” என்று அம்மையார் சொல்ல, இருவரும் சிரித்தனர்.

பழக்கத்தின் வலிமையை ஒரு நாடே உணர்ந்து நடந்ததுண்டு. சுவீடன் நாட்டில் வண்டிகள் முன்பு இடப்புறமே சென்றன. அதனை வலப்புறமாக மாற்ற 1963இல் முடிவு செய்த அந்நாட்டார், உடனே மாற்றிவிடவில்லை. நான்கு ஆண்டுகள் சாலைகளையும் குறிகளையும் மக்கள் மனத்தையும் பக்குவப்படுத்தினர். 1967 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில், சாலையில் இருந்த வண்டிகள் யாவும் நின்று, மெல்ல மறுபுறம் மாறி, மீண்டும் நின்று, 5 மணிக்குப் புறப்பட்டன. மகள் இதனைச் சொல்லக் கேட்ட தந்தை, “ஒரு நாட்டிற்கே நான்கு ஆண்டு வேண்டியிருந்ததென்றால், எனக்கு நான்கு திங்களாவது வேண்டாமா?” என்றார்.

நாள்தோறும் பழகியதில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். பக்கம் மாறினும் ஒன்று மாறுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் அந்தந்த நாட்டு வண்டியில் அமர்ந்த ஓட்டுநரின் தோள் சாலை நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும். அவர் அருகில் அமர்ந்தவரின் தோள் சாலை ஓரத்தை ஒட்டியே இருக்கும். “இனி வலம், இடம் என்று குழம்ப வேண்டியதில்லை. நீ இருக்கும் பக்கமே ஓரம். அதை மறவாமலிருந்தால் போதும்” என்று மனைவியிடம் கூறினார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவர் முகம் மலர்ந்தது.

புறப்படும் நாள் நெருங்கியது. நெரிசலில் மற்ற வண்டிகளைப் பின்பற்றிப் பிழையின்றிச் செல்லும் ஓட்டுநர், காலையில் ஆளில்லாத சாலையில் ஓய்விடத்தினின்றும் வெளிப்படும்போதே பழைய பக்கத்திற்குத் திரும்பிவிடுவது உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் முந்திய இரவில் மகளை அழைத்தார்.

“அம்மா, முதல் நாள் வெற்றிடத்தில் மட்டும் ஓட்டுகிறேன். நீ அருகில் இருந்து பார். என் கை ஒருமுறை தவறினாலும் சொல்லிவிடு. சக்கரத்தை உன்னிடம் தந்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார்.

“உங்களுக்கு வருத்தமாக இராதா அப்பா?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கும். ஆனால் பின்னால் உட்கார்ந்தாலும் உன் அம்மா பக்கத்தில்தானே இருப்பேன்!” என்றார் அவர்.

நெடுங்காலம் சக்கரம் பிடித்தவர்க்கு அதனைப் பிடிக்கும் ஆற்றல் எளிதில் வாய்க்கும்; வேண்டும்போது விட்டுக்கொடுக்கும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று. அதனையும் பெற்ற பின்னரே அவர் தம் பயணப் பெட்டியை மூடினார். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வண்டியின் உயரம் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே, பெரிய எழுத்தில், “அவள் பக்கமே ஓரம்” என்று இருந்தது.