கடைசி பஸ்

வருங்காலத்தில் மனிதர் ஆகாய டாக்ஸியிலே செல்வார்களாம்! குற்றாலம் போகும் கார்கள் தாண்டிச் செல்ல, தென்காசியில் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமக்கு வேறொரு விஷயம் நினைவுக்கு வருகிறது.

நம் மாணவி ஒருத்தியின் தாயார் பீடி சுற்றிப் பிழைப்பவர். பள்ளிக்கூடத்துக்கு வரும்படி எத்தனை முறை சொல்லி அனுப்பியும் வந்ததில்லை. பெண்ணின் படிப்பில் அசிரத்தை என்று வகுப்பிலேயே கடிந்துகொண்டோம்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் நீங்கிற்று. தொற்றுக்காலம் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த அம்மாள் வந்து நின்றார்.

"இப்பந்தான் ஸார், கையில துட்டு இல்லாட்டியும் வர முடியுது" என்றார். அசிரத்தை நம்முடையது என்று அன்றுதான் விளங்கிற்று. பேச்சு முடியுமுன்பே கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஆகாய டாக்ஸி வரட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு முன், பொழுது சாய்ந்தபின் அவர் கிராமத்துக்கு இன்னும் ஒரு பஸ் வந்தால் போதும்.